படகடியில் கிடைத்த பைக்குள் நெளிந்தவை எவை?

காசிமேட்டில் படகின் அடியைச் சுரண்டும்போது கிடைத்த, அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் பை போன்ற உயிரை அறுத்துப் பார்த்தீர்கள். உள்ளே இறால் குஞ்சு மாதிரி நெளிந்தவை அங்கேயே பிறந்தவையா என்பது உங்கள் கேள்வி.

பிறந்திருக்கலாம். அந்தப் பை அசிடியன், நீரை உறிஞ்சி வடிகட்டி உண்ணும் கடல் உயிர். உள்ளே இருந்தவை பெரும்பாலும் ஆம்பிபாட்கள், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நாம் சாப்பிடும் கடல் இறால்களில் பெரும்பாலானவை முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும். ஆம்பிபாட் தாய்க்கோ மார்புக்கு அடியிலேயே ஒரு பை உண்டு. முட்டைகள் அதில்தான் பொரியும். நீந்தித் திரியும் லார்வா பருவமே கிடையாது, வெளியே வருவது தாயின் குட்டி உருவம். லியூகோதோ என்ற ஆம்பிபாட் வகைகள் சிலவற்றில் குஞ்சுகள் கொஞ்ச காலம் தாயோடு அதே அசிடியனுக்குள் தங்கும். அதனால்தான் பெரிதும் சிறிதுமாக ஒரே கூட்டம். என்ன அருமையான ஏற்பாடு! அசிடியன் உறிஞ்சும் நீரோடு ஆக்சிஜனும் உணவும் வந்துவிடுகின்றன.

அடுத்த முறை பெரிய ஆம்பிபாட் ஒன்று கிடைத்தால் லென்ஸ் வைத்து மார்படியைப் பாருங்கள். முட்டைகள் தெரிந்தால் அது தாய்.