டிரான்ஸ்பார்மரும் எல்டிஸ்பைஸும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காயில் கட்டுவதற்கு முன்னால் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் சாஃப்ட்வேரில், கம்ப்யூட்டரிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த வாரம் வந்த கேள்விகளில் சில இங்கே.

வில்லியனூர் மாணவர்: அண்ணே, எல்டிஸ்பைஸில் டிரான்ஸ்பார்மர் படமே இல்லையே, எங்கே தேடுவது?

தேடாதீர்கள் தம்பி, நாமேதான் செய்துகொள்ள வேண்டும். இரண்டு இன்டக்டர், அதாவது கம்பிச் சுருள் வையுங்கள்: எல்1 பிரைமரி (கரண்ட் கொடுக்கும் பக்கம்), எல்2 செகண்டரி (வெளியே எடுக்கும் பக்கம்). ஸ்பைஸ் டைரக்டிவில் (சாஃப்ட்வேருக்குக் கட்டளை எழுதும் கட்டம்) "கே1 எல்1 எல்2 1" என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதுங்கள், இரண்டும் ஒரே கோரில், அதாவது நடு இரும்பில் ஏறிவிடும். கடைசியில் இருக்கும் 1 கப்பிளிங், அதாவது காந்தப்புலம் துளியும் சிந்தாமல் மறுபக்கம் போகிறது என்று அர்த்தம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது: இன்டக்டன்ஸ் (ஹென்றியில் அளக்கும் சுருளின் மதிப்பு) சுற்று எண்ணிக்கைப்படி போகாது, அதன் வர்க்கப்படி போகும். 230 வோல்ட்டை 12 ஆக்க வேண்டும் என்றால் சுற்று விகிதம் 19.17, வர்க்கம் ஏறக்குறைய 367. பிரைமரிக்கு 10 ஹென்றி கொடுத்தால் செகண்டரிக்கு 27.2 மில்லிஹென்றி. 10ஐ 19ஆல் வகுத்துவிட்டு வோல்டேஜ் தப்பாக வருகிறதே என்று சாஃப்ட்வேரைத் திட்டக்கூடாது.

பாகூர் மாணவி: அதெல்லாம் சரியாகத்தான் போட்டேன் சார், ஆனால் 12க்குப் பதில் எட்டரை வோல்ட்தான் வருகிறது.

வோல்டேஜ் சோர்ஸின் சைன் வேவ் கட்டத்தில் 230 என்று போட்டிருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் கேட்பது உச்ச மதிப்பு, வீட்டுக் கரண்டின் 230 ஆர்எம்எஸ், அதாவது உச்சத்தைவிடக் குறைவான பயன் மதிப்பு. 325 போடுங்கள், 12 வந்துவிடும்.

பண்ருட்டி: லோடே இல்லாமல் பார்க்கலாம் என்று செகண்டரி குறுக்கே 1 மெகா ஓம் வைத்தேன், ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது!

1எம் என்று அடித்தீர்களா? ஸ்பைஸில் அது பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் மில்லிதான். மெகா வேண்டுமென்றால் 1மெக் என்று முழுசாக எழுதணும். நீங்கள் வைத்தது ஒரு மில்லி ஓம், கிட்டத்தட்ட ஷார்ட். நிஜத்தில் செய்திருந்தால் வார்னிஷ் வாசனை தெருமுனை வரைக்கும் வந்திருக்கும்.

நெல்லிக்குப்பம்: கடையில் வாங்கிய 12 வோல்ட் 500 மில்லிஆம்ப் டிரான்ஸ்பார்மர் மீட்டரில் 13.8 காட்டுகிறது. சிமுலேஷனில் கச்சிதமாக 12. எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. மேலே எழுதியிருக்கும் 12 முழு லோடில் வரும் வோல்டேஜ். லோடு ஏறினால் கம்பியின் ரெசிஸ்டன்ஸில் கொஞ்சம் விழும் என்று தெரிந்தே கட்டுகிறவர் சுற்றைக் கூட்டி வைத்திருப்பார். கம்ப்யூட்டர் கம்பிக்கு நாம் சொன்னால் ஒழிய ரெசிஸ்டன்ஸ் கிடையாது. என் மேஜையில் இதே ரகம் ஒன்று கிடந்தது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்தேன்: பிரைமரி 450 ஓம், செகண்டரி 1.9 ஓம். லோடில்லாமல் 13.8 என்பதால் விகிதம் 16.67, வர்க்கம் 278. பிரைமரியின் 450ஐ 278ஆல் வகுத்தால் செகண்டரி பக்கம் அது 1.6 ஓமாகத் தெரியும். கூட்டினால் மூன்றரை ஓம். அரை ஆம்பியருக்கு 1.75 வோல்ட் விழும், 13.8ல் கழித்தால் ஏறக்குறைய 12! அப்போ எல்2வை 36 மில்லிஹென்றி ஆக்கி, இரண்டு இன்டக்டரிலும் சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் கட்டத்தில் இந்த எண்களைப் போட்டு ஓட்டுங்கள், கடை டிரான்ஸ்பார்மரும் ஸ்கிரீனும் ஒத்துப்போகும். கே மதிப்பைக் கன்னாபின்னாவென்று மாற்றுவதைவிட இந்த இரண்டு எண் எவ்வளவோ உருப்படியான வேலை.

முத்தியால்பேட்டை: 12-0-12 (நடு முனையோடு இரண்டு செகண்டரி) போட்டேன், இரண்டு முனைக்கும் நடுவில் பூஜ்யம் வருகிறது.

ஒரு செகண்டரி தலைகீழாக நிற்கிறது. இன்டக்டரில் புள்ளி தெரிகிறதல்லவா, முதலாவதன் புள்ளியில்லாத முனையும் அடுத்ததன் புள்ளி முனையும் சேரும் இடம்தான் நடு. கே வரியில் மூன்று இன்டக்டரையும் எழுத மறக்காதீர்கள்.

கடலூர் ஓல்டு டவுன்: தெரு டிரான்ஸ்பார்மர் ஏன் உறுமுகிறது?

கோர் தகடுகள் காந்தமாகும்போது மயிரிழை அளவு நீண்டு சுருங்கும். ஒரு சைக்கிளில் இரண்டு முறை, அதனால் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 100 ஹெர்ட்ஸ் உறுமல். 2011 டிசம்பரில் தானே புயலுக்கு அப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பிய ராத்திரி, பல்பு எரிவதற்கு முன்னால் நாங்கள் கவனித்தது அந்த உறுமலைத்தான். இதை எல்டிஸ்பைஸில் கேட்க முடியாது.

வில்லியனூர் மாணவர் மறுபடியும்: 12 வோல்ட் பேட்டரியை செகண்டரியில் கொடுத்தால் அந்தப் பக்கம் 230 வருமா அண்ணே?

வராது. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் மறுபக்கம் வோல்டேஜ். பேட்டரிக்குத் தெரிவது அந்த 1.9 ஓம் கம்பி மட்டும். ஆறு ஆம்பியருக்கு மேல் இழுத்து, 6 வாட் பெட்டிக்குள் 75 வாட் சூடு. ஆனால் வயரைப் பிடுங்கும் அந்த நொடியில் காந்தப்புலம் சட்டென்று சரியும், பிரைமரி முனையில் ஒரு உதை வரும். எட்டாவது படிக்கும்போது வாங்கியிருக்கிறேன், இடது கை முழங்கை வரைக்கும். செய்தே தீருவேன் என்றால் பிரைமரி முனைகளுக்கு டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள்.