மகளைக் கோடை ஆய்வுக்கு அனுப்பலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டத்தில் பெங்களூரில் இரண்டு மாதம் இடம் கிடைத்திருக்கிறது. "வீட்டை விட்டு ஒரு வாரம்கூட வெளியே தங்காதவள். பிஎச்.டி. படிக்கிறவர்கள் நடுவில் போய் என்ன செய்வாள்? இந்த லீவுக்கு டி.என்.பி.எஸ்.சி. வகுப்பில் சேர்த்துவிட்டால் உருப்படியாக இருக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புங்கள் அம்மா. டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு அடுத்த வருடமும் இருக்கும். இந்த இடம் நாடு முழுக்கப் பலர் விண்ணப்பித்து, ஆசிரியர் கடிதத்தையும் மாணவர் எழுதிய குறிப்பையும் பார்த்துக் கொடுத்தது. அவள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 80,000 ரூபாய் கொண்ட அந்தத் திட்டத்தில் 20,000 ரூபாய் கோடையில் ஒரு வழிகாட்டியிடம் ஆய்வு செய்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை லேபுக்குள் போக வேண்டும் என்று அரசாங்கமே நினைக்கிறது.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்த இரண்டு மாதத்தால் வேலை கிடைக்காது. அந்தச் சான்றிதழைக் காட்டி யாரும் சம்பளம் கேட்க முடியாது. ஆனால் நாளை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்குப் போவதா, பி.எட். படித்து ஆசிரியர் ஆவதா என்று முடிவெடுக்கும்போது, அவளிடம் ஊகத்துக்குப் பதிலாகச் சொந்த அனுபவம் இருக்கும். அவள் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் அவளுக்காகக் கடிதம் எழுதுவார். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டும் பெரிய விஷயங்கள்.

அவை கிடைப்பதும் கிடைக்காததும் ஒரே ஆளைப் பொறுத்தது. கைடு என்று தாளில் பெயர் இருக்கும் புரொபசரை நான் சொல்லவில்லை. தினமும் அவள் பக்கத்தில் நிற்கப்போகிற பிஎச்.டி. மாணவரையோ மாணவியையோ சொல்கிறேன்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நான் வற்புறுத்தி அனுப்பிய ஒரு பையன், பேரை மட்டும் பார்த்துத் தேர்ந்த ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிவிட்டு வந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் அவனிடம் பேசவுமில்லை, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி, "சயின்ஸ் எனக்கு ஒத்துவராது" என்றான். அவனுக்கு ஒத்துவருமா என்று யாரும் பார்க்கவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதே வருடம் இன்னொரு மாணவி வேறோர் இடத்தில் கிரிக்னார்டு என்ற வேதிவினையைச் செய்தாள். ஈரம் துளி இருந்தாலும் கெட்டுப்போகும் வினை அது. அவள் பக்கத்தில் நின்ற பிஎச்.டி. அக்கா முதல் நாளே புது வினையைக் கையில் கொடுக்கவில்லை. அந்த லேபில் பலமுறை செய்து சரியாக வந்த பழைய வினை ஒன்றைக் கொடுத்து, "இது வரும். உன் கையிலும் வருகிறதா பார்" என்றார். முதல் தடவை வரவில்லை. அக்கா உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். குடுவையைச் சூடாக்கி உலர்த்தியாயா, கரைப்பானை எப்போது எடுத்தாய், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாவது தடவை வந்தது. அதற்கப்புறம் கொடுத்த புது வினை கடைசிவரை வரவே இல்லை. ஆனாலும் அந்தப் பெண் எட்டாவது வாரம், ஏன் வரவில்லை என்பதற்கு மூன்று காரணங்களையும், அவற்றில் இரண்டைத் தான் சோதித்துப் பார்த்த விதத்தையும் எழுதி அறிக்கை கொடுத்தாள். இன்று எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள்.

இதை வைத்து உங்கள் மகள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிளம்புமுன்பே கைடுக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போடட்டும். நான் படித்த பாடங்கள் இவை, கல்லூரி லேபில் செய்தவை இவை, இதுவரை தொடாத கருவிகள் இவை, வருமுன் என்ன படிக்கலாம், தினசரி நான் யாரோடு வேலை செய்வேன்? இவ்வளவு போதும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் வெட்கமே வேண்டாம். இரண்டாம் ஆண்டு மாணவி என்று தெரிந்துதானே எடுத்திருக்கிறார்கள். அப்படி எழுதினால், அவளுக்கேற்ற சின்னக் கேள்வியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கும் வசதி.

முதல் வாரம் ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். ஒன்றும் புரியாது. எல்லோருக்கும் அப்படித்தான். வேலையில் எங்காவது சிக்கினால் அரை நாள் தானே முட்டிப் பார்க்கட்டும். அப்புறமும் வரவில்லையென்றால் போய்க் கேட்டுவிட வேண்டும். மூன்று நாள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் செய்கிற தவறு. எட்டு வாரத்தில் மூன்று நாள் என்பது பெரிய இழப்பு. நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தேதி போட வேண்டும். தப்பாகப் போனதையும் அடிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

"இவளுக்கு லேப் வேலை வராவிட்டால்?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1928 கோடையில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 17 வயதுப் பையன் ஒருவர், கல்கத்தாவில் சித்தப்பாவின் ஆய்வகத்துக்கு லீவுக்குப் போனார். சித்தப்பா சி.வி. ராமன். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பையனுக்குச் சோதனை வேலை கைவரவில்லை. கோட்பாட்டின் பக்கம் திரும்பினார், அந்த வருடமே நட்சத்திரங்களின் உட்பகுதி பற்றி முதல் கட்டுரை வெளியிட்டார். அவர்தான் 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்த ஆய்வகத்தில் அப்போது ராமனோடு வேலை செய்தவர் கே.எஸ். கிருஷ்ணன். உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர்! உங்கள் மகளும் சந்திரசேகர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு வேலை தனக்கு வரவில்லை என்று 19 வயதில், இரண்டே மாதத்தில் தெரிந்துகொள்வது நல்லதுதான் அம்மா. அதை 25 வயதில் தெரிந்துகொண்டு தவிக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. கோடைத் திட்டத்தின் உதவித்தொகை கைக்கு வர நாளாகலாம், முதல் மாதச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். மூடிய ஷூ ஒன்று, பருத்திச் சுடிதார்கள் வேண்டும். தீயும் கரைப்பானும் இருக்கிற இடத்தில் நைலான் ஆகாது. முடியைக் கட்டிக்கொள்ளட்டும். ஹாஸ்டலில் பெண்களுக்கான ஏற்பாட்டை நீங்களே போன் செய்து கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உங்கள் உறவினர் சொன்ன, 6,000 ரூபாய் கட்டினால் வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிற இடம் வேண்டவே வேண்டாம்.

இரவில் போன் பேசும்போது "ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு யார்கிட்ட என்ன கேட்ட?" என்று கேளுங்கள். முதல் வாரம் அழுதால் பதறி டிக்கெட் போட வேண்டாம். இரண்டாவது வாரம் முடிந்தும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசவில்லை என்று சொன்னால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள். கைடுக்கு மரியாதையாக எப்படிக் கேட்டு எழுதுவது என்று அவளோடு சேர்ந்து யோசிக்கிறேன்.