நாய்க்கு சீட் பெல்ட்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு கம்பத்தில், அம்மா வீடு வண்டிப்பெரியாற்றில். மாதம் இரண்டு தடவை எங்கள் கோம்பை நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிறோம். 24 கிலோ இருக்கும். ஆன்லைனில் 349 ரூபாய்க்கு நாய்க்கான சீட் பெல்ட் ஒன்று வாங்கினேன். ஒரு முனையைப் பின்சீட்டு பக்கிளில் சொருகி, மறுமுனைக் கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டுகிறோம். போன வாரம் லோயர் கேம்ப் தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட, வீட்டுக்காரர் சட்டென்று பிரேக் போட்டார். நாய் முன்னால் பாய்ந்து கழுத்து இழுபட்டு, ரொம்ப நேரம் இருமியது. கொக்கியும் கோணிவிட்டது. விலை கூடியதாக வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, கம்பம்

பதில்: முதலில் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இருமல் நின்றிருந்தாலும் காட்டுங்கள். குரைப்பு கரகரத்தாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். மூச்சுக்குழாய் அடிபட்டிருக்கலாம்.

இனி பெல்ட்டுக்கு வருவோம். விலையைவிடப் பெரிய தப்பு அதை மாட்டிய இடம்தான். கழுத்துப்பட்டை நடைக்கு மட்டும். வண்டியில் நாயைக் கட்டுவதென்றால் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸில்தான் கட்ட வேண்டும். மலைச்சாலையில் 40 வேகத்தில்தானே போகிறோம் என்று நினைக்காதீர்கள். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உங்கள் 24 கிலோ நாய் சுமார் 270 கிலோ பாரத்தோடு அந்தப் பட்டையை இழுக்கும். ஐந்து மூட்டை சிமெண்டைவிட அதிகம். கழுத்து தாங்குமா? வெறும் பிரேக்குக்கே கோணிய கொக்கி தாங்குமா?

அந்தக் கொக்கியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பட்டையோடு சேரும் இடத்தில் சுழல்வதற்கு ஒரு சின்ன ஆணி இருக்கும். மொத்த பாரமும் அந்த ஆணித் தலையில்தான் விழும். மலிவான சாமான்களில் அது வார்ப்பு உலோகம், மேலே பளபளவென்று முலாம். ஆகவே அடுத்து வாங்கும்போது கொக்கி நடுவில் வராத அமைப்பாகப் பாருங்கள். ஹார்னஸின் முதுகிலோ நெஞ்சிலோ உள்ள துணி வளையத்துக்குள் காரின் சொந்த சீட் பெல்ட்டையே நுழைத்து பக்கிளில் மாட்டுவதுபோல இருந்தால் நல்லது. நெஞ்சுப்பட்டை அகலமாக, உள்ளே மெத்தை வைத்து, பாரம் விழும் இடங்களில் பல வரிசைத் தையலோடு இருக்க வேண்டும். ஒரே வரிசைத் தையலும் பிளாஸ்டிக் கிளிப்பும் மட்டும் இருந்தால் வேண்டாம். எலாஸ்டிக் இழுவை உள்ள கயிறும் வேண்டாம். அது நீண்டு கொடுக்கும்போது நாய் முன்சீட்டின் முதுகில் போய் மோதும். கயிறு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எழுந்து உட்காரவும் படுக்கவும் இடம் போதும்.

'கிராஷ் டெஸ்ட் செய்தது' என்ற வாசகத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013-ல் ஹார்னஸ்களை நாய் பொம்மைகளுக்கு மாட்டி மோதல் சோதனை செய்தது. உருப்படியாகக் காப்பாற்றியது ஸ்லீப்பிபாட் கம்பெனியின் கிளிக்கிட் யூட்டிலிட்டி ஒன்றுதான். 'இத்தனை கிலோ இழுவை தாங்கும்' என்பதும் மோதல் சோதனை அல்ல. யார் சோதித்தது, எந்த அளவு நாய்க்கு என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால், நாய் டிரைவர் மடிக்குத் தாவாமல் தடுக்கும் சாமான் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் அதுவே பெரிய உதவிதான். ஆனால் மோதலில் காக்கும் என்று நம்பக் கூடாது.

உங்களுடையது கோம்பை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை ஒருமுறை குமுளி செக்போஸ்ட் வரிசையில் லாரி ஹாரனுக்கு மிரண்டு, முன்னங்காலை ஊன்றி, தலையைத் தாழ்த்திப் பின்பக்கமாகவே ஹார்னஸைக் கழற்றிவிட்டது. கதவு மூடியிருந்ததால் தப்பித்தோம். லாப்ரடார் அளவில் வரும் எஸ், எம், எல் எழுத்துகளை நம்பாமல், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்குங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. விலா எலும்புக்குப் பின்னால் மூன்றாவது பட்டை உள்ளதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

உட்கார வைப்பது பின்சீட்டில்தான். முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால் நாய்க்கு ஆபத்து. சிவப்பு பட்டனை நாய் காலால் மிதித்து பக்கிளை விடுவித்துவிடும், அதையும் கவனியுங்கள். ஜன்னல் லாக், சைல்டு லாக் இரண்டையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கோணிய கொக்கியைத் தூக்கிப் போடாமல் போட்டோ எடுத்து, பில்லோடு விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ன் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்குப் போகும்போது நாயை பிக்கப்பின் பின்னால் சங்கிலியில் கட்டிக் கூட்டிப்போகிறேன். எவ்வளவு நீளச் சங்கிலி வாங்கலாம்?
- வாசகர், போடி

பதில்: சங்கிலியே வாங்காதீர்கள். நீளமாக இருந்தால் நாய் பக்கவாட்டில் தாவிக் கழுத்தில் தொங்கும். குட்டையாக இருந்தால் போடிமெட்டு வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கழுத்துதான் இழுபடும். அந்தக் காசைச் சேர்த்துக் கம்பிக்கூண்டு ஒன்று வாங்குங்கள். நாய் நிற்கவும் திரும்பவும் இடம் இருந்தால் போதும். அதைக் கேபினை ஒட்டி வைத்து, நான்கு மூலையையும் வண்டித் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். கூண்டுக்குள் சாக்கோ ரப்பர் பாயோ விரியுங்கள். வெயிலில் கிடந்த தகரத் தளத்தில் நாயின் பாதம் வெந்துவிடும். கூண்டு வரும்வரை ஹார்னஸ் போட்டுக் கேபினுக்குள் ஏற்றுங்கள், டிரைவரின் கால் பக்கம் வராமல் பக்கத்துச் சீட்டுக்குக் கீழே இருத்துங்கள்.