ஷெட்யூலர் கிளம்பும் முன் மியூட்டெக்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் (சிறு சிப்களுக்கான இயங்குதளம்), டாஸ்க்குகளை (தனித்தனியாக ஓடும் வேலைகள்) முறைவைத்து ஓட்டும் ஷெட்யூலர் கிளம்பும் முன், மெயினிலேயே மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் எடுக்கக்கூடிய பூட்டு) உருவாக்கி, எடுத்து, சென்சாரை இனிஷியலைஸ் செய்யலாமா? அப்படிச் செய்தால் ஹால் (சிப் தயாரிப்பாளர் தரும் ஹார்டுவேர் நூலகம்) டிலே வரியிலேயே நின்றுவிடுகிறதே, ஏன்?

உருவாக்கலாம். எடுக்காதீர்கள். கார்டெக்ஸ்-எம் சிப்பை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த டிலே. கிரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் (இடையூறு இல்லாமல் ஓட வேண்டிய பகுதி) நுழையும்போது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்டரப்ட்களை (ஓடும் வேலையை நிறுத்தி உடனே கவனிக்கச் சொல்லும் ஹார்டுவேர் சமிக்ஞைகள்) மறைக்கும். எத்தனை முறை நுழைந்தோம் என்ற எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் திறக்கும். அந்த எண்ணிக்கையின் ஆரம்ப மதிப்பு பூஜ்யம் அல்ல, வேண்டுமென்றே வைத்த ஒரு பெரிய எண். ஷெட்யூலர் கிளம்பும்போதுதான் அது பூஜ்யமாகிறது. மியூட்டெக்ஸை உருவாக்கும்போதும் இந்த நுழைவு நடக்கிறது; ஆகவே உருவாக்கிய கணத்திலிருந்தே, கெர்னலின் வரம்புக்கு உட்பட்ட முன்னுரிமை கொண்ட இன்டரப்ட்கள் எல்லாம் மூடியே கிடக்கும். ஹாலின் டிக் (டிலே நேரத்தை எண்ணும் இன்டரப்ட்) கடைசி முன்னுரிமையில் ஓடினால் அதுவும் நின்றுவிடும். டிலே முடியவே முடியாது. இது பிழை இல்லை, பாதுகாப்பு: பாதி தயாரான கெர்னலை எந்த இன்டரப்ட்டும் தொடக்கூடாது. சி++ குளோபல் ஆப்ஜெக்ட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் மியூட்டெக்ஸ் உருவாக்கினால், மெயின் தொடங்கும் முன்பே இந்த நிலை வந்துவிடும்.

அடுத்தது, உரிமையாளர் யார் என்ற சிக்கல். மெயின் ஒரு டாஸ்க் அல்ல. ஏற்கெனவே டாஸ்க் உருவாக்கியிருந்தால், அதுவரை உருவானவற்றில் அதிக முன்னுரிமை உள்ள டாஸ்க்கின் பெயரில் மியூட்டெக்ஸ் பதிவாகும். எடுத்ததற்கும் விட்டதற்கும் நடுவில் அதே அல்லது அதற்கு மேற்பட்ட முன்னுரிமையில் இன்னொரு டாஸ்க்கை உருவாக்கினால், விடும்போது கான்ஃபிக்அசெர்ட் (கெர்னலின் பிழைச் சோதனை) அடிக்கும். அசெர்ட்டை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. டாஸ்க்கே இல்லாதபோது ரிகர்சிவ் மியூட்டெக்ஸ் (ஒரே டாஸ்க் பலமுறை எடுக்கக்கூடியது) எடுப்பது இன்னும் வினோதம்: உரிமையாளரும் நல் (NULL, அதாவது காலி மதிப்பு), நடப்பு டாஸ்க்கும் நல். இரண்டும் ஒன்றே என்று நம்பி, பூட்டாமலே எண்ணிக்கையை மட்டும் ஏற்றும். மெயினில் விட மறந்தால், பின்னால் அதை எடுக்கும் டாஸ்க் எத்தனை முறை எடுத்ததோ அத்தனை முறை விட்டாலும் பூட்டு திறக்காது.

செய்ய வேண்டியது இது. கடிகாரம், பின் அமைப்பு, டிலே தேவைப்படும் ஹால் வேலைகளை முதல் கெர்னல் அழைப்புக்கு முன்னரே முடித்துவிடுங்கள். பிறகு மியூட்டெக்ஸ்களை உருவாக்கி, திரும்பி வந்தது நல் இல்லை என்று சோதியுங்கள். ஒரே ஒரு இனிட் டாஸ்க்கை உச்ச முன்னுரிமையில் உருவாக்கி ஷெட்யூலரைக் கிளப்புங்கள். சென்சார் வேலை அந்த டாஸ்க்கில் நடக்கட்டும். மற்ற டாஸ்க்குகளை அதன் கடைசியில் உருவாக்குங்கள். முன்பே உருவாக்கினால், இனிட் டாஸ்க் ஒரு டிலேயில் தூங்கும்போது அவை தயாராகாத சென்சாரைத் தொட்டுவிடும். முடிந்ததும் அது தன்னையே அழித்துக்கொள்ளலாம்.

ஸ்டாட்டிக் முறையில் (நினைவிடத்தை நாமே கொடுத்து) உருவாக்குபவர்கள் அந்த நினைவிடத்தை மெயினின் லோக்கல் மாறியாக வைக்காதீர்கள். கார்டெக்ஸ்-எம்3, எம்4 போன்ற சிப்களில் ஷெட்யூலர் கிளம்பும்போது மெயினின் ஸ்டாக் உச்சிக்குத் திரும்பி, இன்டரப்ட்களின் ஸ்டாக்காகிவிடும்; மியூட்டெக்ஸின் மேலேயே எழுதிவிடும். குளோபல் அல்லது ஸ்டாட்டிக் மாறியே சரி.

‘மியூட்டெக்ஸ் நல் (NULL) என்றால் உருவாக்கு’ என்று டிரைவருக்குள் எழுதுவதும் வேண்டாம். இரண்டு டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் இரண்டு மியூட்டெக்ஸ் உருவாகி, ஆளுக்கொன்றைப் பூட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போய்விடுவார்கள்.