வீட்டுப் பத்திரம் வேண்டாம், பாக்கியை முதலில் பாருங்கள்

ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறீர்கள். குரோமியம் சேராத தோலில் சொந்தமாகச் செருப்பு போட மாதிரியும் தயார். ஆனால் பேங்க் வீட்டுப் பத்திரம் கேட்கிறது, பெரிய கம்பெனி பில்லை நாலு மாதம் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல் என்றால் சிறு தொழில் கடனுக்கு அடமானத்துக்குப் பதில் உத்தரவாதம் தரும் அரசு அறக்கட்டளையான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் உங்களை உண்மையில் முடக்குவது அந்தப் பாக்கிதான். நம் பக்கம் பல யூனிட்கள் பிறருக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்கிலேயே நின்றுவிடுவது யோசனை இல்லாததால் அல்ல. புதிதாக ஒன்றை முயல கையில் காசு தங்குவதில்லை. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவு இருந்தால், பாக்கிப் புகார்களுக்கான மத்திய அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில், பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்க உதவும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லை ஏற்றச் சம்மதமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் வங்கி முன்னதாகவே பணம் தரும். கம்பெனி பின்னால் தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்காது.

தோல் பரிசோதனைக்குச் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ) இருக்கிறது. அப்புறம், மாவட்டத் தொழில் மையத்துக்கு வேலூர் போய் அலையாதீர்கள். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ஆம்பூருக்குத் திருப்பத்தூர்தான்.