வாசகர் கேள்வி பதில்: கிணற்றாமை, நட்சத்திர ஆமை, தொட்டி ஆமை

உலகில் உள்ள ஏறத்தாழ 360 வகை ஆமைகளில் பாதிக்கு மேல் அழியும் நிலையில் இருக்கின்றன என்று சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில், பசிபிக் கடலில் ராட்சத ஆமைகள் வாழும் கலாபகோஸ் தீவுகளைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, கிணற்றைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அதனால் கிணற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் பாசனக் கிணற்றைத் தூர் வாரப் போகிறோம். தண்ணீர் சுத்தமாகும் என்று அப்பா காலத்தில் விட்ட ஆமைகள் மூன்று உள்ளே இருக்கின்றன. ஓடு வழவழப்பாக, மூக்கு நீண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?
(ஆரணி வாசகர்)

நீங்கள் சொல்லும் அடையாளம் பாலாமைக்குப் பொருந்துகிறது. அதன் ஓட்டில் கட்டம் கட்டமாகச் செதில் இருக்காது, மேலே தோல் போர்த்தியது போல இருக்கும். புரட்டிப் பார்த்தால் பின்னங்கால்களை மூடிக்கொள்ள இரண்டு சதை மடிப்பு தெரியும். ஓடு கறுத்துக் கெட்டியாக, முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பு ஓடினால் அது காராமை.

பாலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிர். ஆகவே, வேலை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதே வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால், ஆமைகளை வெளியே எடுத்த பிறகுதான் போட வேண்டும். மோட்டார் போட்டு இறைத்து, கடைசி இரண்டடித் தண்ணீர் இருக்கும்போது நிறுத்துங்கள். முழுக்க வற்றவிட்டால் ஆமை சேற்றுக்குள் போய்விடும். பிறகு மண்வெட்டி பட்டுத்தான் வெளியே வரும். மழுங்கிய மூங்கில் கழியால் அடியைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக, வட்டமாகத் தட்டுப்பட்டால் கூடையை அடியில் கொடுத்துத் தூக்கலாம்.

கையால் பிடித்தால் ஓட்டின் பின்பாதியில் இரு பக்கமும் பிடிக்க வேண்டும். பாலாமைக்குக் கழுத்து நீளம், நடு ஓடு வரை திரும்பிக் கடிக்கும். கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், கையோடு தண்ணீரில் அமிழ்த்துங்கள், தானே விட்டுவிடும். எடுத்தவற்றைத் தனித்தனி ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள். ஒரே அண்டாவில் போட்டால் ஒன்றையொன்று கடிக்கும்.

திரும்ப அதே கிணற்றில் விடுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பாலாமை நத்தை, தவளை, புழு, செத்த மீன் எல்லாம் தின்னும். தண்ணீரைத் தெளிய வைக்காது. அதைவிடப் பெரிய சங்கடம், பெண் ஆமை முட்டையிடக் கரை மண்ணுக்கு ஏறி வந்தாக வேண்டும். கல் கட்டிய கிணற்றில் ஏற வழி ஏது? முட்டை தண்ணீரிலேயே விழுந்து வீணாகும். இருபது வருடம் உயிரோடு இருந்தாலும் இனக்கணக்கில் அது செத்த ஆமைதான். மண் கரை உள்ள, தண்ணீர் நிற்கிற பக்கத்து ஏரியோ குளமோ வனத்துறையினரிடம் சொல்லுங்கள். மீன் குத்தகைக்கு விட்டு வலை போடும் ஏரியாக இருக்க வேண்டாம்.

ஏரியில் வண்டல் அள்ளும்போது ஜேசிபி வாளியில் நசுங்கிய ஆமை வந்தது. வற்றிய ஏரியில் ஆமை எப்படி?
(காவேரிப்பாக்கம் வாசகர்)

ஏரி வற்றினால் பாலாமை ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். மேலே மண் வெடித்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில்தான் படுத்திருக்கும். நாம் வண்டல் அள்ளுவதும் அதே சித்திரை வைகாசியில்தான்.

கடைசியாக வற்றும் மடு, மதகை ஒட்டிய பள்ளம், கோரை முளைத்த ஓரம், இந்த மூன்று இடங்களில்தான் அதிகம் இருக்கும். வெட்டும் வேலையை வெளிக்கரைப் பக்கமிருந்து தொடங்கி, மடுவைக் கடைசிக்கு வையுங்கள். முடிந்தால் ஒரு மூலையை வெட்டாமலே விடுங்கள். மடுவில் ஒரேயடியாக மூன்றடி ஆழம் வாரினால் ஆமை தெரியாது. ஓரடி ஓரடியாகச் சீவி, முன்னால் ஓர் ஆளை நடக்கவிட்டால் தெரிந்துவிடும். காயமில்லாத ஆமையை வெட்டாத ஈரப் பகுதிக்கு மாற்றினால் போதும்.

ஓடு பிளந்திருந்தால் தண்ணீரில் விடாதீர்கள். மஞ்சள் அப்புவதும் பசை போட்டு ஒட்டுவதும் வேண்டாம், கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். ஓடு நகம் மாதிரி உணர்ச்சியில்லாத பொருள் அல்ல. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஆனது, வலிக்கும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, வனத்துறை மூலம் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

ராசி என்று உறவினர் கொடுத்த நட்சத்திர ஆமை நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறது. சோறு, தக்காளி, இட்லி தருகிறோம். இப்போது மூக்கில் நுரை வருகிறது. ஜவ்வாது மலையில் விட்டுவிடலாமா?
(குடியாத்தம் வாசகி)

விடக் கூடாதம்மா. மூக்கில் நுரையும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் நுரையீரல் தொற்றின் அடையாளம். அந்தத் தொற்றோடு மலையில் விட்டால் அங்குள்ள ஆமைகளுக்கும் தொற்றிக்கொள்ளும். உங்கள் ஆமை எந்த ஊர்க் காட்டில் பிடிபட்டது என்பதும் தெரியாது. குஜராத், ராஜஸ்தான் பக்கம் ஒரு கூட்டம், தென்னிந்தியாவில் ஒரு கூட்டம், இலங்கையில் ஒரு கூட்டம் என்று இது பிரிந்து வாழும் இனம். கண்ட இடத்தில் விட்டுக் கலக்கக் கூடாது.

வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். 2022 திருத்தத்தில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2019 முதல் உலக அளவிலும் இதன் வணிகம் தடை. பயத்தில் இரவோடு இரவாகப் புதரில் போடாமல், நீங்களாகவே வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் ஆமைக்கும் உங்களுக்கும் நல்லது.

ஒப்படைக்கும் வரை சோறும் இட்லியும் நிறுத்துங்கள். அருகம்புல், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி கொடுங்கள். தாடை நனையும் ஆழத்துக்குத் தட்டில் தண்ணீர் போதும். காலை வெயிலும் ஒதுங்க நிழலும் வேண்டும். ஈரத் தரையில் விடாதீர்கள். மாவுச் சத்து மிகுந்து, சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் குறைந்தால் ஓடு கோணும். விரலால் அழுத்தினால் அமுங்கும். (ஓட்டில் மேடு இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்த ஆமைக்கு மேடு இயல்பு.)

'எங்கள் வீட்டில் ஒன்றுதானே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆந்திர, கர்நாடக எல்லைக் கிராமங்களிலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குக் காட்டியது. அந்த எல்லை உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது உண்மையா?
(வாலாஜாபேட்டை வாசகர்)

அமீனா வந்தால் ஜப்தி, அது சரி. ஆமை என்ன செய்தது? மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும்போது இடம் மாறுகிற ஆமை, வழியில் இருக்கிற வீட்டு வாசலில் ஏறிவிடும், அவ்வளவுதான். ஒரே தெருவில் ஒரு வீட்டார் ராசி என்று ஆமையைத் தொட்டியில் போடுகிறார்கள், அடுத்த வீட்டார் தரித்திரம் என்று ரோட்டில் எறிகிறார்கள். முறத்தால் ஓரமாகத் தள்ளி, அது எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே விடுங்கள்.

கடையில் வாங்கிய குட்டி ஆமை இப்போது தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறது. கோட்டை அகழியில் விட்டால் சந்தோஷமாக இருக்குமே?
(வேலூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி)

அது இருக்கும், அகழியில் உள்ள மற்றவைதான் இருக்காது. இது அமெரிக்காவின் செங்காது ஆமை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இருப்பது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுவரும். அகழி, கோயில் குளம், பாலாறு, எங்கும் விடக் கூடாது.

கடைக்காரர் சொல்லாதது இதுதான்: வாங்கும்போது ஓடு ஓர் அங்குலம்தான், பெண் ஆமை ஓரடி வரை வளரும், முப்பது வருடம்கூட வாழும். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் கணக்கு. உங்கள் ஆமை எட்டு அங்குலம் என்றால் 320 லிட்டர் தொட்டி. முழுதும் காயும்படி ஒரு மேடை வேண்டும். மாடியில் நேர் வெயில் காட்ட முடியாவிட்டால் புற ஊதா பி (UVB) விளக்கு வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் அதன் சக்தி குறைந்துவிடும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். காய்ந்த இறாலை மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். கீரை, நீர்த்தாவரங்களும் கொடு. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே, தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவு. ஆமை உடம்பில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். இதற்காகவே அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்க 1975-இல் தடை போட்டார்கள். தங்கச்சிக்கு ஐந்து வயதுக்குள் என்றால் தொடவே விடாதே.

உலகில் மிக அரிதான ஆமை எது? அழியும் நிலையிலிருந்து மீண்ட ஆமை உண்டா?
(திருப்பத்தூர் வாசகர்)

யாங்சி பெரிய மென்னோட்டு ஆமை. நம் பாலாமைக்குத் தூரத்துச் சொந்தம். சீனாவில் சுசோ உயிரியல் பூங்காவில் இருந்த பெண் 2019 ஏப்ரலில், செயற்கைக் கருத்தரிப்பு முயற்சிக்குப் பின் இறந்தது. வியட்நாம் ஏரி ஒன்றில் இருந்த பெண் 2023-இல் செத்து மிதந்தது. மிச்சம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

மீண்டதும் உண்டு. கலாபகோஸின் எஸ்பஞோலா தீவில் 14 ஆமைகள்தான் மிஞ்சின. அவற்றோடு சான் டியாகோ பூங்காவிலிருந்து வந்த டியேகோ என்ற ஆணும் சேர, குட்டிகளை வளர்த்துத் தீவில் விட்டார்கள். எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தொட்டதும், 2020-இல் பெற்றோர் ஆமைகளையும் தீவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பிடித்த வேலை.

பிள்ளைகளைச் சென்னைக் கடற்கரையில் ஆமை நடைக்கு அழைத்துப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
(ஆற்காடு வாசகி)

ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம். அங்கே முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. குழுவாக நடத்தும் தன்னார்வலர்களோடு மட்டும் போங்கள். செல்போன் வெளிச்சம், ஃபிளாஷ் கூடாது. கரையேறும் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஓடும்.

முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதைப் பார்த்தால், எவ்வளவு பதனமாகச் செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதற்குமேல் கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், உருட்டினால் பிய்ந்து செத்துவிடும். குழி சுமார் ஒன்றரை அடி ஆழம், அடிப்பக்கம் பானை போல அகலம். ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் பொரியும். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதனால்தான் சில இடங்களில் மேலே நிழல் வலை கட்டுகிறார்கள்.

கரையில் செத்த ஆமை கிடந்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். வலையின் நடுவே சாய்வாகக் கம்பித் தட்டி வைத்து, மேலே ஒரு வாசல் விட்டால் இறால் கம்பி இடுக்கில் உள்ளே போகும், ஆமை வாசல் வழியே வெளியேறும். ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்தாலே பெரிது என்பார்கள். அப்படிப் பார்த்தால் வலையில் செத்த ஒரு தாய்க்கு ஈடுகட்டப் பத்துக் குழி முட்டை வேண்டும். இதை அந்தப் பொரிப்பகத்தின் முன் நின்றே பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். இரவில் ஏழெட்டுக் கிலோமீட்டர்கூட நடக்க வேண்டியிருக்கும்.