மொரிஸ் மைனர்: 15.8 வோல்ற், பற்றரி கொதிக்கிறது

பற்றரியை ஏற்றும் ஓல்டனேற்றரை இப்போதே மாற்ற வேண்டாம், முதலில் அதன் பின்பக்கப் பிளக்குக்கு வரும் 'எஸ்' வயரைப் பாருங்கள். டைனமோவைக் கழற்றி ஜப்பான் ஓல்டனேற்றர் போட்ட வண்டியில் பற்றரி 15.8 காட்டி, பின்பக்கப் பிளக்கும் கருகியிருக்கிறது என்றால் என் சந்தேகம் அங்கேதான்.

ஓல்டனேற்றரின் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பற்றரியின் நிலையை அறிவது அந்த வயர் வழியாக. பல இடங்களில் வேலை சுலபம் என்று அதைச் சாவி சுவிட்ச் வயரோடு முறுக்கிவிடுவார்கள். பழைய வயர், பச்சை பூத்த முனை. வழியிலேயே ஒன்றரை வோல்ற் விழுந்துவிடும். பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து ரெகுலேற்றர் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

இஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணி, வோல்ற் மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி நெகற்றிவில் வைத்து, பற்றரி பொசிற்றிவையும் எஸ் முனையையும் அளந்து பாருங்கள். எஸ்ஸில் 14.3 மட்டும் என்றால் வயர்தான். சின்ன பியூஸ் போட்டு பற்றரியிலிருந்து நேரே புது வயர் இழுங்கள். இரண்டிலும் 15.8 என்றால் பெரும்பாலும் ரெகுலேற்றர்தான் போயிருக்கும், ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு நடையைக் கட்டுங்கள். எதுவானாலும் கருகிய பிளக்கைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

மீற்றரின் சொந்தப் பற்றரி இறங்கியிருந்தாலும் கூடுதலாகக் காட்டும், அதையும் பாருங்கள். அப்புறம், இஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பாஸ்மாரின் (மெக்கானிக்குகளின்) பழக்கம் வேண்டாம், ஓல்டனேற்றருக்குள் இருக்கும் டயோட் போய்விடலாம். கொதிக்கும் பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் சிகரெட்டும் கூடாது.